ஆஙூமேக்காரி

எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டை ஒட்டிய எங்கள் கடையில், உச்சி வெயிலில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து மூக்காலேயே எதையோ பேசிக்கொண்டும், தானே சிரித்துக்கொண்டும் இருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

நான் பேசிக்கொண்டிருந்தது ஆஙூமே நாட்டின் மொழி. அந்த நாட்டை உலகப் படத்தில் தேட வேண்டாம். அதை உண்டாக்கியது நான். அதன் மொழியை உண்டாக்கியதும் நான். பொழுது போக வேண்டுமென்று சிலர் சீரியல் பார்க்கிறார்கள், சிலர் அடுத்த வீட்டு வம்பைப் பேசுகிறார்கள். எனக்கு வாய்த்தது இது.

ஆரம்பித்தது அருப்புக்கோட்டையில், நான் பிறந்த வீட்டில். வீட்டின் பின்பாதி முழுவதும் அப்பாவின் பவர்லூம் தறிகள் ஓடின. தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சு என்று ஒன்று கிடையாது. பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவோம். நூல் அறுந்தால் கையைத் தூக்குவோம். அம்மா திட்டுவதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். திட்டு பிடிக்கவில்லையென்றால் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம், அது ஒரு வசதி. கரண்ட் போனால் மட்டும் வீடு திடீரென்று அமைதியாகிவிடும். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். பேசிப் பழக்கம் இல்லாததால் என்ன பேசுவதென்று தெரியாது. கரண்ட் திரும்பி வந்தால் நிம்மதியாக இருக்கும்.

அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து என்ன பேசினாலும் யாருக்கும் கேட்காது என்பதை ஒரு நாள் கண்டுகொண்டேன். பள்ளிக்கூடத்தில் கேட்ட கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் விழவில்லைதான். ஆனால் எதிரே நின்ற அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உதடு படிக்கத் தெரியும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

அடி வாங்கியதும்தான் வீட்டில் யாருக்கும் புரியாத பேச்சு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அதிலும் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. தறிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. க, ச, ட, த எல்லாம் வாயை விட்டு வெளியே வந்த உடனே காணாமல் போய்விடும். ம், ன், ங் மாதிரி மூக்கில் அதிர்கிற எழுத்துகள் மட்டும் தலைக்குள்ளேயே கேட்கும். அதனால் என் மொழியில் மூக்கெழுத்துகளையும் நெடிலையும் மட்டும் வைத்துக்கொண்டேன். வாயை அதிகம் திறக்கவும் வேண்டியதில்லை. தறிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும்.

மொழி வந்துவிட்டால் அதைப் பேச ஒரு ஊர் வேண்டும். ஊருக்கு ஒரு பெயர் வேண்டும். ஆஙூமே என்று வைத்தேன். வறண்ட ஊரில் பிறந்தவள், நாட்டை உண்டாக்கும்போது நாலு ஆறாவது ஓடவிட்டிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். விடவில்லை. ஆற்றோரத்து ஆட்கள் எதற்குச் சண்டை போடுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து எப்படி நாடு நடத்துவது? ஆகவே ஆஙூமேயிலும் கண்மாய்தான். அங்கேயும் கரிசல் மண்தான். ஆனால் சில சட்டங்களை மாற்றினேன். அங்கே யாரும் யாரையும் பார்த்து "என்ன குழம்பு?" என்று கேட்கக்கூடாது. பஸ்ஸில் ஜன்னலோர இடம், வெளியே பார்க்கிறவர்களுக்குத்தான். தூங்குகிறவர்கள் நடுவில் உட்கார வேண்டும். முக்கியமாக, அந்த மொழியில் உறவுமுறைச் சொற்களே கிடையாது. அத்தை, மாமா, அக்கா எதுவும் இல்லை. ஒருவர் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நடக்கிறவர், உரிக்கிறவர், தேடுகிறவர்.

வணக்கம் சொல்வதற்கும் அங்கே வேறு வழி. முதலில் "ஈமோன்?" என்று கேட்க வேண்டும். இருக்கிறாயா என்று பொருள். அதற்கு "ஈனா" என்று பதில் சொல்ல வேண்டும். இருக்கிறேன். பேச்சே கேட்காத வீட்டில் முதலில் அதைத்தானே கேட்க முடியும்?

"ஈமோன்?" என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஈனா" என்று சொன்னதும் நான்தான். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் வேறொருவர் வாயிலிருந்து ஒரு பதில். அதைத் தவிர அந்த நாட்டில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

கல்யாணமாகிப் பந்தல்குடிக்கு வந்தேன். கணவர் வீட்டில் தார்ப்பாய்க் கடை. லாரிகளுக்கு வேண்டிய தார்ப்பாய், நைலான் கயிறு, கண்ணேறு படாமல் முன்னால் கட்டுகிற கறுப்புக் குஞ்சம், இப்படியான சாமான்கள். கணவர் லோடு புரோக்கர். எந்த லாரிக்கு எங்கே சரக்கு இருக்கிறது என்று போனிலேயே சொல்லிச் சேர்த்துவிடுவது அவர் தொழில். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, படுக்கும் வரை நிற்காது. ஊர் பேர் தெரியாத டிரைவரிடம் எல்லாம் "சாப்பிட்டீகளாண்ணே?" என்று கேட்பார். என்னிடம் கேட்டதில்லை. கெட்ட மனிதர் இல்லை. பேச்செல்லாம் வெளியே செலவாகி, வீட்டுக்கு வரும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான். மகள் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்கு வரும் நாட்களிலும் அவள் காதில் ஹெட்செட் இருக்கும்.

கடையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மத்தியானத்தில் ஒரு ஈ காக்காய் வராது. ரோட்டில் லாரி போகும், புழுதி எழும்பும், அடங்கும். அப்போது நான் ஆஙூமேக்குப் போய்விடுவேன். கோர்ட்டு கட்டினேன், பஸ் விட்டேன், கண்மாய் மடையைத் திறக்கிற முறையை ஏற்படுத்தினேன். எழுத்து மட்டும் உண்டாக்கவில்லை. எழுதி வைத்தால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்க வேண்டுமென்றும் ஆசை, கேட்டுவிடுவார்களோ என்றும் பயம்.

ஒரு தடவை போனில் எதையோ தேடப்போய், என்னைப் போலவே நாடும் மொழியும் உண்டாக்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். ஒரு வீடியோவில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் சொந்த மொழியில் பேசினார். பக்கத்தில் இருந்த சிநேகிதர் அதே மொழியில் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். வயிற்றெரிச்சலாக இருந்தது. அவருடைய மொழி ஒன்றும் அவ்வளவு நன்றாகக்கூட இல்லை.

தறி வீட்டில் இருந்த பாதுகாப்பு கடையில் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே சத்தம் என்னை மறைத்தது. இங்கே லாரி போகாத நேரத்தில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். கடைக்குப் பின்னால்தான் வீடு. மாமியார் மத்தியானம் படுக்கிற கட்டில் சுவருக்கு அந்தப் பக்கம். எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ, ஒரு நாள் கணவரிடம் அவர் சொல்வது என் காதில் விழுந்தது.

"ஏய்யா, உம் பொண்டாட்டிய என்னமோ காத்துக் கருப்பு அண்டியிருக்குய்யா. மூக்கால மொனங்குறா. மனுசப் பேச்சு இல்லய்யா அது."

கணவர் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, "கோடாங்கிட்ட ஒருக்காக் காட்டிருவோம்மா" என்றார். போனை மறுபடி காதில் வைத்தார். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வந்து "என்ன பேசுற?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர்களுக்கு அது தோன்றவில்லை.

திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார் அந்தக் கோடாங்கி. உடுக்கை அடித்துக் குறி சொல்கிறவர், பேயை வரவழைத்துப் பேசி அனுப்புகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனோம். கணவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று யாருக்கோ லோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே நானும் மாமியாரும். எனக்கு எரிச்சலாக இருந்தது. சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்று, "எனக்கு ஒண்ணுமில்லங்கய்யா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"நீ பேசாத தாயி" என்றார் கோடாங்கி. "உனக்குள்ள இருக்கவ பேசட்டும்."

உடுக்கையை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். சின்ன அறை, தகரக் கூரை. அந்தச் சத்தம் நாலு சுவரிலும் மோதி என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் தறி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்த மாதிரிச் சத்தத்துக்குள் உட்கார்ந்தால் என் வாய் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"ஈமோன்?" என்றேன்.

மாமியார் சுவரோடு ஒண்டிக்கொண்டார். கோடாங்கி உடுக்கையின் வேகத்தைக் குறைத்தார். முன்னால் குனிந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"யாருத்தா நீ? எந்தச் சீமையில இருந்து வந்துருக்க?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, தாலி கட்டினவர் கேட்கவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிய, முன்பின் தெரியாத ஒரு மனிதர், பதில் வேண்டும் என்று நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தார்.

"ஆஙூமே" என்றேன்.

"அது எங்கிட்டு இருக்கு? கடலுக்கு இங்கிட்டா, அங்கிட்டா?"

நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். எல்லைகளைச் சொன்னேன், பாதைகளைச் சொன்னேன், எல்லாம் ஆஙூமே மொழியிலேயே. அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லுத்தா" என்றார். வேறு வழியில்லை. நானே பேயாகவும் நானே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க வேண்டியதாயிற்று.

"கடலுக்கு அங்கிட்டு" என்றேன் மூக்கால்.

"அங்க மழ தண்ணியெல்லாம் உண்டா?"

"இங்க மாதிரிதான். ஒரு வருசம் கண்மாய் பெருகும். ரெண்டு வருசம் காயும்."

"அடப்பாவமே, அங்கிட்டும் அப்படித்தானா" என்று உச்சுக்கொட்டினார். அந்த இரக்கம் நடிப்பில்லை. மழை பெய்யாத ஊர்க்காரர் இன்னொரு மழை பெய்யாத ஊருக்காகப் பட்ட வருத்தம் அது. என் நாட்டுக்காக வருத்தப்பட்ட முதல் மனிதர் அவர்தான்.

அப்புறம் கேட்டார். "சரித்தா. அங்க உங்கூட யாரு யாரு இருக்கா?"

நான் ஆஙூமே முழுக்கத் தேடிப் பார்த்தேன். கோர்ட்டு இருந்தது, பஸ் ஸ்டாண்டு இருந்தது, கண்மாயும் மடையும் இருந்தன. நடக்கிறவர், உரிக்கிறவர், தேடுகிறவர் என்று கூப்பிடச் சொற்கள் தயாராக இருந்தன. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அங்கே ஒரு ஆள் இல்லை. இத்தனை வருஷமாக நாட்டைக் கட்டிக்கொண்டே இருந்தேனே தவிர, அதில் ஒருத்தரைக்கூடக் குடியேற்றவில்லை. ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து நான் மட்டும் காலி பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"அழாதத்தா. உனக்கு என்ன வேணும்? சேல வேணுமா? சேவல் வேணுமா? பணியாரம் சுட்டு வைக்கணுமா? எதுன்னாலும் கேளு."

"பேச ஆளு வேணும்."

கோடாங்கி மாமியாரைப் பார்த்தார். மாமியார் கோடாங்கியைப் பார்த்தார். இப்படி ஒன்றை எந்தப் பேயும் அவரிடம் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டதக் குடுத்துத்தான் அனுப்பணும். மாசிச் செவராத்திரி வரைக்கும், உச்சிப்பொழுதுல, வீட்டு ஆளு ஒருத்தரு இவகூட உக்காந்து பேசுங்க. மனசு நெறஞ்சிரும். அப்புறம் உங்க குலசாமி கோயில்ல வச்சு நான் அனுப்பிவிடுறேன்."

வெளியே வந்து கணவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "உச்சிப்பொழுதுலயா? எனக்கு அப்பத்தான் லோடு ஏறும்" என்றார். அப்படியாக அந்த வேலை மாமியார் தலையில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். இடுப்பில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தார். ஓட வேண்டியிருந்தால் ஓடுவதற்கு வசதியாக, ரோட்டுப் பக்கம் கிடந்த கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்கம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு "ஏ பிள்ள"தான். அடுப்புப் பற்றவைக்கிறவளுக்கு இல்லாத மரியாதை பேய்க்குக் கிடைத்தது. கோபம் வந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்காக ஒரு ஆள் காத்திருக்கிறார். அந்த ஆசைக்கு முன்னால் கோபம் நிற்கவில்லை.

"ஈமோன்?" என்றேன். அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். அவர் வேப்பிலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஈனா" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காக நான் என் வயதில் பெரும்பகுதியைக் காத்திருந்தே கழித்திருந்தேன். எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பயந்து ஓடிவிடுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நாளில் பயம் தெளிந்தது. வேப்பிலை காணாமல் போனது. அதற்குப் பதில் மடியில் காராச்சேவு வந்தது. ஆஙூமேக்காரிக்கு என்று ஒரு பங்கு பிரித்து வைப்பார். முன்பற்கள் இல்லாததால் என் மொழி அவருக்கு நன்றாக வந்தது. தண்ணீர், மழை, உப்பு, வெயில் எல்லாவற்றுக்கும் சொல் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நாள், "உங்க சீமையில மாமியார எப்படிக் கூப்புடுவாக?" என்றார். அப்படி ஒரு சொல் அங்கே இல்லையே. என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதைச் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? "மோனாஙே" என்று அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னேன். பக்கத்தில் உட்காருகிறவர். அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். ஆஙூமேயில் குடியேறிய முதல் ஆள் அவர்தான்.

அவர் நிறையப் பேசினார். தமிழில்தான், நடுநடுவே என் சொற்களைக் கலந்து. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்து நான் அறியாததையெல்லாம் ஆஙூமேக்காரியிடம் சொன்னார். சின்ன வயதில் கபடி நன்றாக விளையாடுவாராம். மாமனார் இறந்த வருஷம் இரண்டு மாதம் யாரிடமும் பேசாமல் இருந்தாராம், வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லையாம். ஒரு நாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இம்புட்டு லாரி தூத்துக்குடிக்குப் போகுதும்மா. நான் கடலப் பாத்ததே இல்ல. திருச்செந்தூருக்குன்னு கெளம்புன அத்தன தடவயும் ஒரு சாவு, இல்ல ஒரு காச்சல். கடலுக்கு அங்கிட்டு இருந்துதான வந்தீக, வரும்போது பாத்துருப்பீகள்ல? எப்படி இருக்கும்?"

பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது பார்த்த கடலை வைத்து நான் அலையைச் சொன்னேன். கரையில் நின்றால் காலடியில் மணல் நழுவுவதைச் சொன்னேன். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

என்னைப் பற்றியும் சொன்னார். அதையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"எம் மருமக இருக்காளே, உம்மணாமூஞ்சி. வேல வெட்டியெல்லாம் சுத்தம், அதுல ஒரு கொற சொல்ல முடியாது. ஆனா வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசமாட்டேங்குறா."

"நீங்க அவகிட்டப் பேசிப் பாத்தீகளா?" என்றேன், குரலை மூக்கில் வைத்துக்கொண்டு.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அவகிட்ட என்னத்தம்மா பேச? அவ வீட்டு ஆளு."

அன்று அத்தோடு ஆஙூமேக்காரிக்குத் தலைவலி என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

ஆனால் அவர் எனக்கு ஒன்று கொடுத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எங்கள் கடை வாசலில் கனத்த லாரி போனால் எதுவும் கேட்காது. அது தாண்டிப் போகும் வரை பேச்சை அப்படியே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அவர் ஏதோ கதையின் நடுவில் இருந்தபோது லாரி வந்தது. கையைத் தூக்கி, "ஆனூ" என்றார். லாரி போனது. கையை இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அப்படி ஒரு சொல்லை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே உண்டாக்கியது. அடுத்த லாரிக்கும் அதையே சொன்னார். நாலாம் நாள் நானும் சொன்னேன். என் மொழியில் நான் உண்டாக்காத சொல் அது ஒன்றுதான். இன்னொருவர் வாயில் பிறந்த சொல் ஒன்று இருந்தால்தான் அதை மொழி என்று சொல்லலாம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. வீடியோவில் பார்த்த தாடிக்காரரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

மாசி பிறந்தது. சிவராத்திரி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பேய் போகும் முன் அப்படித்தான் படுத்தும் என்று கணவருக்கு யாரோ போனில் சொன்னார்கள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் மாமியார் மூன்று மாதமாக மனதைத் திறந்து கொட்டியதெல்லாம் மருமகளிடம் என்றாகிவிடும். அதை அவர் தாங்கமாட்டார். சொல்லாமல், போகாமல் இருந்துவிடலாமா என்றால், பேய் அப்படிப் போகாவிட்டால் கட்டிவைத்து வேப்பங்குச்சியால் அடித்துத்தான் விரட்ட வேண்டும் என்று கோடாங்கி முன்னமே சொல்லி வைத்திருந்தார்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலை, குலசாமி கோயிலில், பங்காளிகள் எல்லாரும் பொங்கல் வைத்து முடித்த பிறகு, கோடாங்கி என் உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடித்துக் கத்தரித்தார். புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார். "மனசு நெறஞ்சு போச்சா? போறேன்னு சொல்லு" என்றார். "போறேன்" என்றேன். எல்லார் முகத்திலும் நிம்மதி. மாமியார் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். கோடாங்கி கடைசி அடி அடித்தபோது, வாய் தவறி, "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டார்.

"ஏத்தா, வாங்கன்னு சொல்லாத! திரும்பி வந்துரும்!" என்று கோடாங்கி கத்தினார். கூட்டம் சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு மத்தியானங்கள் பழையபடி ஆயின. நான் கடையில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும். அவர் தூங்கவில்லை என்று தெரியும். ராத்திரிச் சாப்பாட்டில், "உப்புக் கம்மி" என்பார். "சரிங்கத்தே" என்பேன். உப்புக்கு அவருக்கு இன்னொரு சொல்லும் தெரியும். இரண்டு பேராலும் அதைச் சொல்ல முடியாது. முன்பெல்லாம் எனக்கு யாருமில்லை என்ற தனிமைதான் இருந்தது. இப்போது ஒரு சுவர் தள்ளி ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிட வழியில்லை. இது அதைவிடக் கொடுமை.

பங்குனியில் ஒரு நாள், தார் உருகுகிற வெயிலில், அவராகவே கடைக்குள் வந்தார். அதே கயிற்றுச் சுருளில் உட்கார்ந்தார். மடியில் இருந்த காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்தார். பழக்கத்தில் இரண்டு பங்காகப் பிரித்துவிட்டு, கை நின்றுபோனது.

"அவ இனி வரமாட்டாள்ல?" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"ஆணி அடிச்சாச்சுல்லத்தே" என்றேன்.

"ம். நல்லாப் பேசுவா. என்னய என்னமோ ஒரு பேரு சொல்லிக் கூப்புடுவா."

மோனாஙே என்று என் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, என் சொந்தக் குரலில், தமிழில் சொன்னேன்.

"நான் பேசுறேன் அத்தே, உங்ககிட்ட."

அவர் திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் கனத்த லாரி ஒன்று வந்தது. அவர் கை தானாக மேலே போனது.

"ஆனூ" என்றார்.

காத்திருந்தோம். கடை அதிர்ந்தது. தொங்கிய கறுப்புக் குஞ்சங்கள் ஆடின. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நான் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன். அடுத்த வாரமே பஸ் ஏறி இரண்டு பேரும் தூத்துக்குடிக்குப் போவோமா என்று கேட்பேன். கடலைக் காட்டுவேன். காலடியில் மணல் நழுவும்போது கையைப் பிடித்துக்கொள்வேன். அங்கே அலைச் சத்தத்தில், யாருக்கும் கேட்காத இடத்தில், "ஈமோன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன்.

லாரி தாண்டிப் போனது. அவர் கையை இறக்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை.

"நீ என்னத்தப் பிள்ள பேசப் போற? நீ இங்கனதான இருக்க."

பொட்டலத்தை மடித்து என் பக்கம் வைத்துவிட்டு எழுந்தார். வெயிலில் கட்டியிருந்த ஆட்டை நிழலுக்கு மாற்ற வேண்டும் என்று முனகிக்கொண்டே பின்பக்கம் போனார்.

புழுதி அடங்கியது. பந்தல்குடியைத் தாண்டி அடுத்த லாரி வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. நிறுத்தி வைக்க என்னிடம் பேச்சு எதுவும் இல்லை. இருந்தாலும் கையைத் தூக்கினேன்.